திறந்திருக்கும் கை



சதா சகாய மாதாவின் படம் இல்லாத கத்தோலிக்க வீடு நம்மிடையே குறைவு. அதன்முன் மெழுகுதிரி ஏற்றுகிறோம், நவநாள் செபிக்கிறோம். ஆனால் அதை உற்றுப் பார்த்திருக்கிறோமா?

உரோமாபுரியில் அர்ச். அல்போன்ஸ் ஆலயத்திலுள்ள மூலப்படம், முழத்துக்குச் சற்றுக் கூடிய ஒரு பலகைதான். 1866 முதல் இரட்சகர் சபைக் குருக்களின் பராமரிப்பில் இருக்கிறது. கீழைத்தேச முறையில் தீட்டப்பட்டதால் அதில் ஒவ்வொன்றும் பொருள் உடையது. பொன்னிறப் பின்னணி மோட்சத்தைக் குறிக்கும். மேலே இரு அதிதூதர்கள்: மிக்கேல் கையில் ஈட்டியும் கடற்பஞ்சும், கபிரியேல் கையில் சிலுவையும் ஆணிகளும். அவற்றைக் கண்ட பாலன் பதறி ஓடிவந்து தாயிடம் ஏறிக்கொண்டார். ஓடிய வேகத்தில் ஒரு பாதரட்சை கழன்று வாரில் தொங்குகிறது. தேவபாலனுக்கும் பயம் வந்தது என்று இவ்வளவு துணிவாகச் சொன்ன ஓவியனை நான் மெச்சுகிறேன்.

இப்போது கைகளைப் பாருங்கள். இடக்கையால் தாய் பிள்ளையைத் தாங்குகிறாள். பிள்ளையோ இரு கைகளாலும் அவளுடைய வலக்கையைப் பற்றியிருக்கிறது. அந்த வலக்கை மூடவில்லை, திறந்தே இருக்கிறது. அது நம்மை இயேசுவிடம் அழைக்கும் கை என்பார்கள். சரிதான். ஆனால் கல்முனைக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கை இன்னொன்றையும் சொல்லும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருநாள். அன்று காலை எழுந்த சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுகிலும் தாய்மாரின் பிடியிலிருந்து பிள்ளைகளைக் கடல் பறித்தது. "நான் கையை விட்டுவிட்டேனே" என்ற குற்ற உணர்வை இன்றும் சுமக்கும் தாய் இருக்கிறாள். அம்மா, நீ விடவில்லை; அலை பறித்தது. மாதாவின் கையாலும் கல்வாரியைத் தடுக்க முடியவில்லை. அதனால் அவளுடைய அன்பு குறைந்ததென்று யாராவது சொல்வார்களா? "ஆண்டவர் சித்தம்" என்று ஒரே சொல்லில் ஆறுதலை முடித்துவிடுகிறவர்கள், இப்படத்தின் முன் சற்று மௌனமாக நிற்கட்டும்.

அன்று அழுத தாய்மாரில் பலர் இஸ்லாமியர். அவர்கள் படம் வைத்து வணங்குவதில்லை. ஆயினும் குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் மர்யம் என்ற பெயரையே தாங்குகிறது. பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்துக் கலங்கும் தாயாக அங்கே அவள் வருகிறாள். அந்தக் கலக்கம் அவர்களுக்கும் தெரிந்ததே.

இனி அவள் கண்கள். பிள்ளை பதறிக்கொண்டிருக்க, தாய் பிள்ளையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள். "என் பிள்ளையின் பயம் உனக்குத் தெரிகிறதா?" என்று கேட்பதுபோல் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று நம் ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. பிள்ளைகளையும் இழந்தோம், அழுதோம். ஐந்தாம் நாள் இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில், அக்கொடியவர்களைச் சேர்ந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தபோது, ஒன்றும் அறியாத அவர்களுடைய குழந்தைகளும் மாண்டார்கள். அவர்களுக்காக யார் அழுதார்கள்? நான் கேட்பது எளிதல்ல, தெரியும். அன்று உறவை இழந்த வீட்டாரிடம் இதைக் கேட்க என் நாவும் தயங்குகிறது. ஆனாலும், வரும் புதன்கிழமை நவநாளில் அந்தக் கண்களுக்கு முன் முழந்தாளிடும்போது, அக்குழந்தைகளுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வோமா?