சத்தியகாமன் மேய்த்த பசுக்கள்

வைத்தியம் பயில விரும்பும் இளைஞன், அந்தப் பெரும் படிப்புக்குள் நுழையுமுன் தனக்குள்ள சில ஆண்டுகளை மேலும் ஒரு கல்வியிற் செலவிடுவதா, தொழில் ஒன்றில் இறங்கி உலகை அறிவதா என்ற பிரச்னை, பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்கும் அமெரிக்காவில் இயல்பாக எழுகிறது. இலங்கையிலோ உயர்தரப் பரீட்சையும் அதன் தரப்படுத்திய மதிப்பெண்ணாகிய இஸட் புள்ளியுமே பத்தொன்பது, இருபது வயதில் விஷயத்தைத் தீர்த்துவிடுகின்றன. ஆயினும், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலும் அதைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களிலும் அதே கேள்வி வேறு வேஷத்தில் வருகிறது. தசமப் புள்ளிகள் சிலவற்றால் மருத்துவ பீடம் தவறிப்போன பிள்ளை, அநுமதிக்கப்பட்ட மூன்று தடவைகளில் எஞ்சியதற்காகப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ டியூஷன் வகுப்புத் தேடிப் போவதா, அல்லது கொழும்புக் கடையொன்றில் சேர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவதா? பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 சதவீதத்தில் பதுளைக்கும் பங்குண்டு என்பது உண்மையே. அந்தப் பங்குக்கு நகரத்துப் பிள்ளையும் தோட்டக் குடியிருப்பாகிய லயத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

இதை எண்ணும்போதெல்லாம் சாந்தோக்ய உபநிஷதத்துச் சத்தியகாமனே என் நினைவுக்கு வருகிறான். பிரம்மசரியம் ஏற்கப் புறப்பட்ட அவன் தன் கோத்திரம் யாதென்று தாயாகிய ஜபாலையைக் கேட்க, இளமையிற் பல இடங்களில் ஊழியஞ்செய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், கோத்திரம் நான் அறியேன், ஜபாலையின் மகன் சத்தியகாமன் என்றே சொல்லிக்கொள் என்று அவள் விடையளித்தாள். விடியுமுன் வேலைக்குப் பெயர்கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, கொழுந்தின் நிறை குறைந்ததால் அரைநாட் சம்பளமாகிய அரைப்பேர் மட்டும் வாங்கித் திரும்பும் தாய்மாரைக் கண்டறிந்தவர்களுக்கு ஜபாலை அந்நியளல்லள். தாய் சொன்னதை அப்படியே போய்ச் சொன்ன மகனை, உண்மையினின்று வழுவாதவன் என்ற ஒரே தகுதிக்காக ஆசாரியர் கௌதமர் ஏற்றுக்கொண்டார். ஏற்றவுடன் அவர் வேதம் ஓதுவிக்கவில்லை. மெலிந்து நலிந்த நானூறு பசுக்களைப் பிரித்து, இவற்றின் பின்னே போ என்றார். அவை ஆயிரமாகாமல் திரும்பேன் என்று சொல்லிப் போனவனுக்கு, ஆண்டுகள் பல கழிந்தபின், ஓர் எருதும் அக்கினியும் அன்னமும் நீர்ப்பறவை ஒன்றும் பிரம்மத்தைப் பாதம் பாதமாக உபதேசித்தன.

அநுபவமே மேலான குரு என்று நிறுவ இக்கதையை எடுத்தாள்பவர்கள், கதையின் முடிவைப் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். திரும்பி வந்தவனின் முகப்பொலிவைக் கண்டு, உனக்கு உபதேசித்தவர் யார் என்று ஆசாரியர் வினவியபோது, மனிதரல்லாத பிறர் என்று சொன்ன சத்தியகாமன், ஆயினும் ஆசாரியரிடம் கற்ற வித்தையே செம்மையுறும் என்று கேட்டிருக்கிறேன், தாங்களே அருளவேண்டும் என்று பணிந்து நின்றான். காட்டில் அவன் பெற்றது பொய்யன்று. அது வித்தையாக முதிர்வதற்கு, அவனை அனுப்பியவர் அதே இடத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு சந்தேகமும் எனக்கு எப்போதும் உண்டு. குலமறிந்த சீடர்களுக்கும் கௌதமர் பசுக்களைத்தான் கொடுத்தாரா? வேலைக்காரியின் மகனுக்கு முதலில் வேலை, மற்றவர்க்கு முதலில் வேதம் என்பதாயின், அதைச் சாதனமென்று போற்ற எனக்கு மனம் வரவில்லை.

சாஸ்திரம் மட்டும் கற்றுக் கர்மம் பழகாத வைத்தியன் போர்க்களத்துக் கோழையைப்போல நோயாளிமுன் மயங்குவான் என்றும், சாஸ்திரமின்றிக் கைவேலை மட்டும் பழகியவன் அரசனால் தண்டிக்கத்தக்கவன் என்றும் பண்டைய வைத்திய ஆசாரியர் சுசுருதர் வகுத்துச் சொன்னார்; சீடன் முதலில் பூசணியையும் சுரைக்காயையும் அறுத்துப் பழகவேண்டுமென்று விதித்தவரும் அவரே. அறிவு ஓரிடத்திலும் செய்கை ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பதன் விளைவை மீரியபெத்தை அறிந்த அளவுக்கு வேறெந்த ஊரும் அறிந்திருக்குமா என்பது ஐயமே. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது, பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பிவந்து வீடிருந்த இடத்தில் சேற்றைக் கண்டார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நிலத்தின் இயல்பை அறிந்தோர் அறிந்தபடியே இருந்தார்கள். அதன்மேல் உழைத்தோரோ, எச்சரிக்கை காதில் விழுந்தாலும் போவதற்கு வேறு நிலமின்றி உழைத்தபடியே இருந்தார்கள். உயிர் தப்பியோருக்குப் புதுவீடுகள் கையளிக்கப்பட இரண்டு ஆண்டுகள் சென்றன.

ஆகவே படிப்பா, தொழிலா என்று கேட்கும் பிள்ளைக்கு, இரண்டில் எது உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். திரும்பி வரக் கதவுள்ளது எது என்று பார்க்கச் சொல்வேன். கொழும்புக் கடையின் ஊதியம் வீட்டுக்கடனைத் தீர்க்கலாம். பெற்றோருக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதும் தர்மமே, அதை அற்பமென்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குக் கடைசாத்திய பின் இரசாயனவியல் ஏட்டைத் திறப்பவர் அரியர். மூன்றாந்தடவை என்ற கதவு அங்கே ஓசையின்றி அடைபட்டுவிடும். வீடு இன்னும் ஓராண்டு தாங்குமென்றால், விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காத தோட்டப் பாடசாலையொன்றில் சிறு கொடுப்பனவுக்கேனும் உயிரியல் கற்பித்துக்கொண்டு பரீட்சைக்கு மீண்டும் அமர்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். கற்பிப்பவன் மறப்பதில்லை, அவன் வகுப்பிலிருந்து அடுத்த ஆண்டு வேறொருவர் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகவும் கூடும். வீடு தாங்காதென்றால், தங்கைக்கோ தம்பிக்கோ அந்த மூன்று தடவைகளும் முழுமையாகக் கிடைக்கும்படி பணத்தை இப்போதே பிரித்து வைக்கவேண்டும். அந்தக் கணக்கைத் தாயோடு உட்கார்ந்து, கடைக்குப் புறப்படுமுன்னே போட்டுக்கொள்வது நல்லது.