“துணிவு” படமும் லோபித்தனமென்னும் பாவமும்



2023-ம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்து, பின்பு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓடிய “துணிவு” படத்தை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். எச். வினோத் இயக்க, அஜித்குமார் நடித்தது. சென்னையில் ஒரு வங்கிக்குள் துப்பாக்கியோடு நுழைந்து, அங்கிருக்கிற சனங்களைப் பிணையாக மடக்கி வைக்கிறார்கள். வெளியே போலீசும் தொலைக்காட்சிக்காரரும் போட்டி போட்டுக்கொண்டு கூடுகிறார்கள். கொள்ளையிட வந்ததாக நாம் நினைத்தவன், வங்கியே செய்த கொள்ளையைக் கடைசியில் ஊரறியக் காட்டுகிறான். மேலிடம் விதித்த இலக்கை எட்டுவதற்காக ஊழியர்கள் நயமாய்ப் பேசி, ஆபத்தை மறைத்து, ஏழை எளியவர்களின் சேமிப்பைப் பங்குச் சந்தை நிதிகளில் போடவைத்த கதை அது.

இந்தச் சாயலில் 2016-ல் அமெரிக்காவிலும் ஒரு படம் வந்தது. “மணி மான்ஸ்டர்” என்று பெயர். ஜோடி பாஸ்டர் அம்மாள் இயக்கியது. தொலைக்காட்சியில் ஆட்டமும் பாட்டுமாகப் பணம் பெருக்கும் வழி சொல்லுகிற ஒருவனை நம்பி, தாய் விட்டுப்போன 60,000 டாலரை இழந்த வாலிபன், நேரடி ஒளிபரப்பின் நடுவே அவனைப் பிணையாகப் பிடிக்கிறான்.

குருவானவர் சினிமாக் கதை சொல்லலாமா என்று முணுமுணுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1957-லேயே சினிமா, வானொலி, தொலைக்காட்சி இவற்றைப் பற்றித் தனி நிருபம் எழுதினார். மறுவருஷம் அர்ச். கிளாரம்மாளைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகவும் ஏற்படுத்தினார். நோயாய்க் கிடந்து பூசைக்குப் போகமுடியாத அந்த அர்ச்சியசிஷ்டவள், தன் அறைச் சுவரிலேயே பூசையைக் கண்டாள் என்பது பாரம்பரியம். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற பெட்டியில் நாம் எதைக் காண்கிறோம் என்பது வேறு சங்கதி.

விஷயத்துக்கு வருவோம். படத்தில் துப்பாக்கி பிடித்தவனுக்கு ஏன் அவ்வளவு கைதட்டல்? பணத்தைப் பறிகொடுத்தவர்களின் வயிற்றெரிச்சல் அதிலே இருக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்வது சர்வேசுரனிடம் பழி கேட்டுக் கூவுகிற பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆனால் படம் பேராசை முழுவதையும் வங்கித் தலைவன் தலையிலே கட்டிவிட்டு, பார்க்கிறவர்களைச் சும்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. நம் பக்கத்தில் நடந்ததோ அப்படியல்ல.

படம் வருவதற்கு முந்தின வருஷமாகிய 2022-ல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற கம்பெனியின்மேல் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். சென்னையில் தலைமை இடம்; ஆரணி, செய்யாறு என்று நம்மைச் சுற்றிலும் கிளைகள். ஒரு லட்சம் கட்டினால் மாதம் 25, 30 ஆயிரம் வட்டி என்பது பேச்சு. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் போலீசார் சொன்னார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2012-ல், பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததும் ஞாபகமிருக்கும். சினிமா முகங்கள் தொலைக்காட்சியில் வந்து கூப்பிட்ட கூப்பிடுக்குத்தான் சனங்கள் போனார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கி வருஷம் முழுவதற்கும் நூற்றுக்கு ஏழு ரூபாய் கொடுப்பதே பெரிது. நவரைப் பயிர் வைத்து, உரம் போட்டு, அறுத்துப் பார்த்தால் கையில் நிற்பது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். மாதம் நூற்றுக்கு முப்பது எந்தத் தங்கம் கொடுக்கும்? ஒருவருக்கு மாதம் 30 ஆயிரம் கொடுக்க வேண்டுமானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒருவர் ஒரு லட்சம் கொண்டுவந்து கட்டவேண்டும். அந்தப் புதியவருக்குக் கொடுக்க இன்னொருவர். வருகிறவர்கள் நிற்கிற அன்றைக்குக் கடையும் மூடும். ஆகவே முன்னால் வந்தவன் வாங்கின வட்டி, பின்னால் வந்தவனுடைய தாலிச் சங்கிலி.

இப்படிப்பட்ட கம்பெனிக்கு அந்தப் பின்னால் வந்தவனை அழைத்துவருவது யார்? பெரும்பாலும் சொந்தக்காரன். மாமன் சொன்னார், மகளிர் குழுவில் அக்கா சொன்னாள், பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது சம்பந்தி சொன்னார். ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் கமிஷன். ஒரகடத்துக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்த்து மகன் சேர்த்த பணமும், மகள் கலியாணத்துக்கு வைத்த நகையும் இந்த வழியாகத்தான் போகும். துப்பாக்கி வேண்டியதில்லை, “நம்ம மனுஷன்” என்ற ஒரு சொல் போதும்.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தில், அண்ணனிடமிருந்து பாகம் பிரித்துத் தரும்படி ஒருவன் நமதாண்டவரிடம் கேட்கிறான். அவர் பாகம் பிரிக்க உட்காரவில்லை. பேராசையைக் குறித்து எச்சரித்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்த தனவான் அன்று ராத்திரியே செத்த கதையைச் சொன்னார். கேட்டவன் அநியாயம் செய்தவனல்ல, அநியாயம் அடைந்தவன் என்பதைக் கவனியுங்கள். எச்சரிக்கை அவனுக்கும்தான்.

அதே சுவிசேஷத்தில் சக்கேயு என்கிற வரி வசூல்காரனும் வருகிறான். ஆண்டவர் அவன் வீட்டில் கால் வைத்ததும் அவன் அழுது ஜெபம் சொன்னதாக எழுதியில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கினதற்கு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று கணக்குப் பேசினான். களவு கொண்டதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்குப் பாவசங்கீர்த்தனம் பலிக்காது என்று திருச்சபை போதிப்பது இதனால்தான். வட்டி வாங்கினவர்கள் எல்லாரும் திருடரா என்றால், அல்ல. நல்லெண்ணத்தோடு வாங்கினவன்மேல் குற்றம் சுமத்தமாட்டேன். ஆனால் அது யார் பணம் என்று தெரிந்த பின்பும் போட்டதற்கு மேலே வாங்கினதை வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் நிலைமை வேறு. கமிஷன் வாங்கினவன் நிலைமை அதிலும் கஷ்டம்.

இதற்கு நம் ஊரே சாட்சி. பேருந்து நிலையத்துக்கு வந்து போகிறவர்கள் தலைநிமிர்ந்து பார்க்காமல் போகிற அந்த வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டின விதிகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று அதைப் பெருமையாகப் பேசுகிறோம். அதில் இன்னொன்றும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் பெயரையும் இடக்கூடாது. பிறர் பொருளை அபகரித்தவனுக்கும் இடமில்லை. பணப் பாவம் ஒரு ஆளோடு நிற்காமல் உறவு வழியாகப் பரவுகிறது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இவ்வூரார் கண்டிருந்தார்கள்.

பறிகொடுத்த குடும்பங்களுக்குச் சொல்லுகிறேன். உங்களைக் கேலி பேசுகிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். புருஷன் பெண்சாதியைக் குற்றஞ்சாட்டி அடிப்பதாலும், மானம் போயிற்று என்று உயிரை விடத் துணிவதாலும் ஒரு காசு திரும்பிவராது, உயிர் சர்வேசுரனுடையது. அக்கம்பக்கத்தில் யாராவது சாப்பிடாமல், பேசாமல் முடங்கிக் கிடந்தால் ஒரு ராத்திரியும் தாமதிக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.

ரசீது, பத்திரம், பணம் அனுப்பின கைபேசிச் செய்தி எதையும் கிழித்துப் போடாதீர்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம். வயதானவர்கள் தனியாகப் போகாமல், எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இனிமேல் எவர் வந்து கூப்பிட்டாலும், ரிசர்வ் வங்கியின் “சச்சேத்” இணையதளத்தில் அந்தக் கம்பெனிக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். வங்கியில் போடுகிற வைப்புக்கு 2020 முதல் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதே வங்கியில், அதே நாற்காலியிலிருந்து விற்கிற பங்குச் சந்தை நிதிக்கு அது கிடையாது. கையெழுத்துப் போடுமுன் இது வைப்பா, நிதியா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆள் பிடித்துக் கொடுத்த கமிஷனைத் திருப்பித் தர மனமிருந்தும் யாரிடம், எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கலங்குகிறவர்களும் நம் பங்கில் இருக்கக்கூடும். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலைக்குப் பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். அங்கே பெயர் கேட்பதில்லை.