அலாபமும் ஆத்திரமும்



விரும்பியது கைகூடாதபோது உள்ளத்தில் மூளும் புழுக்கத்தை இக்காலத்தார் 'விரக்தி' என்கின்றனர். நம் நூல்களில் விரக்தி என்பது பற்று நீங்கிய உயர்நிலை. அந்த நற்சொல்லை இப்புழுக்கத்திற்குத் தர எனக்கு மனம் வரவில்லை. விரும்பியதைப் பெறாமைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அலாபம். தத்துவார்த்த சூத்திரம் கூறும் 22 பரீஷகங்களுள் அதுவும் ஒன்று. ஆகாரத்திற்குச் சென்ற முனிவர், ஆகாரமின்றித் திரும்பும்போதும் மனம் கலங்காதிருத்தலே அதனை வெல்லுதல். அலாபத்திற்குக் காரணம் அந்தராய வினை என்றும் அந்நூல் காட்டுகிறது.

ஆதிபகவன் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்த பின் அவர் ஊர்தோறும் சென்றார். முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் முறையை அக்காலத்து மாந்தர் அறியார். பொன்னும் மணியும் யானையும் கொணர்ந்தனர். கன்னியரையும் தர முன்வந்தனர். ஒரு கவளம் உணவை உரிய முறையில் அளிப்பார் ஒருவரும் இல்லை. மேலும் பல திங்கள் இவ்வாறே கழிந்தன. அவர் எவரையும் நொந்துகொள்ளவில்லை. அடுத்த ஊருக்கு நடந்தார். அவருடன் துறவு பூண்ட நாலாயிரம் அரசரோ பசி பொறாமல் முன்னரே நெறி பிறழ்ந்திருந்தனர். அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் முறையுணர்ந்து கருப்பஞ்சாறு அளித்த நாளையே அட்சய திருதியையாகக் கொண்டாடுகிறோம்.

அப்படியானால், பெறாமையைத் தாங்குவது என்பது 'எல்லாம் வினை' என்று கைகட்டி அமர்வதா? அன்று. அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு கிடக்கும். ஆயினும் மறு ஆண்டு உழவர் மீண்டும் விதைப்பர். அவ்வூர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரைக்குச் சொற்பொழிவாற்றச் சென்றபோது திருக்குறள் நூலைத் தேடியும் கிடைக்கவில்லை என்பர். தமிழ் வளர்த்த நகரிலே குறள் இல்லையென்றால் எவர்க்கும் சினம் பொங்கும். அவரோ 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அந்நகரிலேயே தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு 'செந்தமிழ்' இதழும் தோன்றியது. (இதே வறண்ட வட்டாரத்தில்தான் குரண்டித் திருக்காட்டாம்பள்ளியும் விளங்கியது. அப்பள்ளியைச் சார்ந்த அட்டோபவாசி படாரரின் பெயர் மதுரைச் சமணர் மலைக் கல்வெட்டில் உள்ளது. எட்டு நாள் உண்ணா நோன்பு நோற்றவர் என்பது அப்பெயரின் பொருள். நம் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டலாம்.)

நம் இல்லங்களில் நடப்பது வேறு. பேருந்து வரவில்லை, அலுவலகத்தில் காரியம் முடியவில்லை, பெண்ணுக்குப் பார்த்த வரன் தட்டிப் போயிற்று. அந்தச் சினத்தை அங்கே காட்ட இயலாது. வீட்டிற்குக் கொணர்ந்து, எதிர்த்துப் பேச இயலாதவர் மீது கொட்டுகிறோம். கிடைக்காமற் போனது பழவினையின் பயன்; கடுஞ்சொல்லோ அன்று நாமே புதிதாகக் கட்டிக்கொள்ளும் வினை.

வகுப்பறையில் பல்லாண்டு கழித்தவள் என்ற உரிமையில் ஒன்று கூறுவேன். தேர்வில் மதிப்பெண் குறைவது பிள்ளைக்கு நேர்ந்த அலாபம். அதன்மேல் பெற்றோர் தம் ஏமாற்றத்தையும் ஏற்றுவது இம்சையே. எறும்பையும் மிதியாமல் நடக்கும் நாம் இதனை இம்சையென எண்ணுவதில்லை. முடிவுகள் வெளியாகும் நாளில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர் பற்றிய செய்தியை நாளிதழில் படிக்கிறோம். அந்நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அண்டை வீட்டார் மதிப்பெண்ணை அன்று விசாரிக்க வேண்டாம். மேற்படிப்பைப் பற்றி மறுநாள் பேசலாம். பொழுது சாயுமுன் அதற்குப் பிடித்ததைச் சமைத்து, உடன் அமர்ந்து உண்ணுங்கள்.