கொல்லைப்புறத்து மரங்கொத்தி

தென்னையைக் கொத்தும் மரங்கொத்தியை நோக்கிச் சிறுவன் உண்டிவில்லை இழுக்கும்போது, "எறியாதே வாப்பா, அது ஸுலைமான் நபி (அலை) அவர்களின் பறவை" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். தடுத்தது சரி, சொன்ன காரணந்தான் சரியல்ல.

ஸூரத்துந் நம்லில் வரும் ஹுத்ஹுத் என்பது கொண்டலாத்தி. விசிறிபோல் விரியும் கொண்டையும், மெலிந்து வளைந்த நீண்ட அலகும் உடைய அது, தரையில் நடந்து மண்ணைக் குத்திப் புழு எடுக்கும். நம் கொல்லைக்கு வரும் பொன்முதுகு மரங்கொத்தியோ பெரும்பாலும் மரத்திலேயே பிழைப்பது. கால்விரல்களில் இரண்டை முன்னும் இரண்டைப் பின்னுமாக ஊன்றி, விறைத்த வாலை முட்டுக்கொடுத்து, செங்குத்தான மரத்தில் ஏறுகிறது. ஆணுக்கு உச்சந்தலை முழுதும் சிவப்பு. பெண்ணுக்கு முன்பாதி கறுப்பில் வெள்ளைப் புள்ளி. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் சில நாட்கள் கொல்லையில் அமர்ந்து பார்த்தால் இவ்வளவும் பிள்ளைகளுக்கே விளங்கிவிடும். இதை வீண்பொழுது என்று நாம் கருதவில்லை. ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரீ (ரஹ்) அவர்கள் விலங்குகளையும் பறவைகளையும் பற்றி 'ஹயாத்துல் ஹயவான்' என்று பெரியதொரு கிதாபே எழுதினார்கள்.

காரணம் எதுவானால் என்ன, பறவை தப்பியதே என்று கேட்கலாம். நாளை அச்சிறுவன் அது ஹுத்ஹுத் அல்ல என்று அறிந்துகொண்டால்? மைனாவுக்கும் புறாவுக்கும் எந்த நபியின் பெயரைச் சொல்லித் தடுப்போம்?

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கையும் கொல்லலாகாது என்னும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. மற்றவை நம் குறிக்கு விடப்பட்டவை என்பது அதன் பொருளன்று. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞரைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதைக் குறியாக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்தப் பறவை இன்னதென்று அதில் பிரித்துச் சொல்லப்படவில்லை.

"மரம் எங்களுடையது, துளைத்துப் பாழாக்குகிறதே" என்பார் உண்டு. தொல்லையை விரட்டிக்கொள்ள உரிமை உண்டு. விளையாட்டுக்காகக் கொல்ல இல்லை. நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இப்பறவையைக் காக்கிறது. அது தேடுவது பட்டைக்குள் இருக்கும் எறும்பையும் வண்டுப் புழுவையுமே. ஆனால் "நமக்கு நன்மை செய்கிறது, ஆகவே விட்டுவிடுவோம்" என்ற வாதத்திலும் நமக்கு முழு உடன்பாடில்லை. அப்படியானால் நன்மை செய்யாத பறவையின் கதி என்ன? சிறகடித்துப் பறப்பவையும் உங்களைப் போன்ற உம்மத்துக்களே என்று ஸூரத்துல் அன்ஆம் (6:38) கூறுகிறது. அவை தத்தம் தொழுகையையும் தஸ்பீஹையும் அறியும் என்கிறது ஸூரத்துந் நூர் (24:41). நம் தேங்காய்க் கணக்குக்கும் அந்தத் தஸ்பீஹுக்கும் சம்பந்தமில்லை. நம் மனையில் கூடு கட்டிய ஒரே காரணத்தால் காட்டுப்பறவை நம் உடைமையாகிவிடாது என்பதும் ஃபிக்ஹில் தெளிவானதே.

பட்டுப்போன தென்னை கூரைமேல் சாயும் நிலையில் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். அவ்வாறில்லையேல் நிற்கட்டும், மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனாவோ கிளியோ குடியேறும். வெட்டுவதானாலும், ஆளைக் கூப்பிடுமுன் பொந்தில் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு பயணத்தில் தோழர்கள் எடுத்துவிட்ட இரண்டு குஞ்சுகளுக்காகத் தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். குஞ்சுகள் பறக்கும்வரை சில வாரங்கள் பொறுத்தால் போதும்.