நிழலைப் பார்த்துத் தைத்த ஆடை

பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் மூன்று கட்டில்களைப் பற்றிப் பேசுகிறார். கட்டில் என்னும் கருத்து வடிவம் முதலாவது. அது கடவுள் படைத்தது. அதை மனத்தில் கொண்டு தச்சர் செய்வது இரண்டாவது. தச்சர் செய்ததைப் பார்த்து ஓவியர் தீட்டுவது மூன்றாவது. உண்மைக்கு மிகத் தொலைவில் இருப்பதும் அதுவே. போலச்செய்தல் பற்றிய மேலைநாட்டு விவாதம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

திரைப்படம், புகைப்படம், ஓபரா ஆகியவற்றிலிருந்து எடுத்தாளும் உயர்தர ஃபேஷன் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? படங்களுக்கு உடை தைத்துக் கொடுப்பது இங்கே பேச்சல்ல. அது பழைய தொழில். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் அழைப்பின் பேரில் 1931-இல் வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் ஹாலிவுட்டுக்கே போய் வந்தார். கேள்விக்குரியது அதற்கு எதிர்த்திசைப் பயணம்: திரையில் ஓடிய நிழலைப் பார்த்து, கைக்கு அகப்படும் துணியைத் தைப்பது. ஓவியரின் கட்டிலைப் பார்த்துத் தச்சர் மரம் அறுக்கும் இந்த நான்காவது நிலைக்குப் பிளேட்டோவின் கணக்கில் இடமே இல்லை.

ஆங்கிலேய வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மக்குயின் 2003 அக்டோபரில் பாரிஸில் 'டெலிவரன்ஸ்' என்ற தொகுப்பைக் காட்டினார். அதற்கு மூலம் சிட்னி பொல்லாக் இயக்கிய 'தே ஷூட் ஹார்சஸ், டோன்ட் தே?' என்ற 1969-ஆம் ஆண்டுப் படம். படத்துக்கு மூலம் ஹொரேஸ் மக்காய் 1935-இல் வெளியிட்ட நாவல். நாவலுக்குப் பின்னால், பெருமந்தக் காலத்து அமெரிக்காவில் பரிசுப் பணத்துக்காகவும் சாப்பாட்டுக்காகவும் நாள் கணக்கில் ஆடிச் சோர்ந்து விழுந்தவர்கள். மக்குயினின் மேடையில் மைக்கேல் கிளார்க் நடனம் அமைக்க, மாடல்களும் நடனக் கலைஞர்களும் ஆடிக் களைத்தார்கள். முடிவில் ஒருத்தி தரையில் கிடந்தாள். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று உதிர்ந்திருக்கிறது. மிகுதியாக உதிர்ந்தது பசி. அதைத் தைக்க முடியாது. ஆனால் எழுத்தில் இல்லாத ஒன்று திரும்பக் கிடைத்தும் இருக்கிறது: உண்மையாகவே மூச்சு வாங்கும் உடல்.

துன்பத்தின் சாயலில் இன்பம் காண்பது தவறில்லை என்பது அரிஸ்டாட்டிலின் நிலை. நேரில் பார்க்கக் கூசும் பிணத்தைக்கூடச் செம்மையான சித்திரமாக்கினால் விரும்பிப் பார்க்கிறோம், ஏனெனில் பார்ப்பதில் அறிகிறோம் என்கிறது அவரது 'கவிதையியல்'. சூசன் சொன்டாக் 1977-இல் நூலாக வந்த தம் புகைப்படக் கட்டுரைகளில் இந்த நம்பிக்கையைச் சந்தேகித்தார்: கேமரா எதையும் அழகாக்கிவிடும், அவலத்தையும் விடாது. ஃபேஷனில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அரிஸ்டாட்டிலின் பார்வையாளர் நாடகம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். ஃபேஷனின் பார்வையாளரோ வாங்க வந்தவர்.

ஜான் காலியானோ டியோர் நிறுவனத்துக்காக 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காட்டிய உயர்தரத் தொகுப்பு இதற்குத் தக்க சான்று. பாரிஸில் வீடின்றித் திரிந்தவர்களின் கோலமும் டயேன் ஆர்பஸின் புகைப்படங்களும் அதற்குத் தூண்டுதல். கிழிசல், செய்தித்தாள் அச்சிட்ட துணி, இடுப்பில் தொங்கும் காலிப் புட்டிகள். எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது பிறகு நடந்தது: அந்தச் செய்தித்தாள் அச்சு கடைகளில் விலை உயர்ந்த சரக்காயிற்று. குளிருக்குப் போர்த்திய காகிதம் என்ற நினைவு அதில் மிச்சமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் மக்குயின் நடத்திய 'வாஸ்' நிகழ்ச்சியும் ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்ததுதான்; ஜோயல்-பீட்டர் விட்கின் 1983-இல் எடுத்த 'சானிடேரியம்'. மனநல விடுதி போன்ற கண்ணாடிப் பெட்டி ஒன்று மேடையில் நின்றது. நிகழ்ச்சி தொடங்கும்வரை அது முகம் பார்க்கும் கண்ணாடியாகவே இருந்ததால், வந்திருந்த பிரமுகர்கள் நெடுநேரம் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நெளிய வேண்டியிருந்தது. விளக்கு எரிந்த பிறகு நிலைமை மாறியது: இவர்கள் உள்ளே பார்க்கலாம், உள்ளிருந்த மாடல்களுக்கு இவர்கள் தெரியவில்லை. கடன் வாங்கிய விதத்தில் இரு வடிவமைப்பாளர்களுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் காலியானோ துயரத்தின் தோற்றத்தை மட்டும் எடுத்தார். மக்குயின் பார்ப்பவரின் வசதியான நாற்காலியையும் சேர்த்து அசைத்தார். அறவியல் தீர்ப்பு மூலத்தை விட இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது.

ஓபராவில் இன்னொரு முடிச்சு. 2007-இல் காலியானோ, ஜப்பானில் நடக்கும் கதையான புச்சினியின் 'மதாம் பட்டர்ஃபிளை'யை எடுத்துக்கொண்டு, காகித மடிப்புக் கலையையும் கிமோனோவையும் டியோரின் பழைய வெட்டுகளோடு இணைத்தார். புச்சினி ஜப்பானைப் பார்த்ததே இல்லை. 1904-இல் மிலானில் அரங்கேறிய அந்த ஓபராவே ஓர் அமெரிக்க நாடகத்தின் வழியாகக் கிடைத்த கற்பனை. எனவே இங்கே சிதைக்கப்பட ஓர் 'அசல்' இருந்ததா என்பதே ஐயம். கதாநாயகியின் தற்கொலைதான் ஓபராவின் உச்சம். ஆடைகளில் அது பூ வேலைப்பாட்டுக்குள் கரைந்துபோனது.

அதே பத்தாம் பகுதியில் பிளேட்டோ இன்னொரு வரிசையையும் தருகிறார்: பயன்படுத்துபவர், செய்பவர், போலச்செய்பவர். குழலைப் பற்றி உண்மையாக அறிந்தவர் அதை ஊதுபவர்தான். செய்பவர் அவரிடம் கேட்டே செய்ய வேண்டும். இந்த அளவுகோல் ஃபேஷனுக்கு முந்தையதை விடப் பொருந்துகிறது. நிழலிலிருந்து பிறந்தாலும் ஆடையை ஒருவர் உடுத்தியாக வேண்டும். 'வாஸ்' மேடையில் மாடல் எரின் ஓ'கானர் சிப்பி ஓடுகளால் ஆன உடையில் வந்து, அந்த ஓடுகளைத் தாமே பிய்த்தெறிந்தார். அன்றாடம் யாரும் உடுத்த முடியாத அந்த உடையின் எடையையும் உராய்வையும் அறிந்தவர் அவர் ஒருவரே. 2011-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மக்குயினின் ஆடைகளை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அங்கே அவை பொம்மைகள் மேல் நின்றன. பிளேட்டோவின் கணக்கில் அவை மறுபடியும் மூன்றாவது கட்டில்கள்.