தளர்ந்த தோலும் தளராத மாண்பும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. பூசை முடிந்து மக்கள் கலைந்த பின் ஓர் ஆசிரியை அறைவீட்டு விறாந்தைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்; மூன்று பிள்ளைகளின் தாய். "பாவசங்கீர்த்தனத்துக்கு வரேல்லைச் சுவாமி. ஒரு கேள்வி கேக்க வந்தனான்" என்றார். அவர் சொன்னவற்றை, அவருடைய அனுமதியோடு, ஆளை அடையாளங் காட்டாது இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை மனத்துள் பூட்டி வைத்திருப்போர் நம் குடும்பங்களில் வேறு பலரும் இருக்கக்கூடும்.

அவருக்கு நீரிழிவு. முழங்கால் நோவு வேறு. உடல் நிறையைக் குறைக்காவிட்டால் ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்தபின், மனிசி உறுதியாய் இறங்கினார். தேநீரில் சீனியை விட்டார். சோற்றை ஒரு கைப்பிடியாக்கினார். இரவில் குரக்கன் பிட்டு; விடியற்காலை ஐந்து மணிக்கு நடை. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 40 கிலோ குறைந்தது. இரத்தத்தில் சீனி இறங்கியது; முழங்கால் இலேசாயிற்று; வைத்தியர் பாராட்டினார். ஆனால் வயிற்றிலும் புயங்களிலும் தொடைகளிலும் தோல் மடிப்பு மடிப்பாய்த் தொங்கலாயிற்று.

"கொழுத்திருக்கேக்கை வெட்கம். இப்ப மெலிஞ்ச பிறகும் வெட்கம். அப்ப நான் வெட்கமில்லாமல் இருக்கிற காலம் எப்ப வரும், சுவாமி?"

இந்த வெயிலிலும் அவர் முழங்கை மறைக்கும் சட்டையே அணிகிறார். உறவினர் கலியாணங்களுக்குப் போவதில்லை. உடுப்பு மாற்றுவதும் விளக்கை அணைத்த பிறகுதான். "சில வேளை நினைக்கிறனான், பழையபடி கொழுத்தாலென்ன எண்டு. அப்பவெண்டாலும் தோல் நிரம்பியிருந்தது" என்றார். வெளிநாட்டிலிருக்கும் தம்பி, சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறாராம். "அதை வாங்கலாமோ? இது வீண்பெருமையோ? பாவமோ?"

"வெளியழகு மாயை, ரீச்சர், உள்ளழகுதான் பெரிது. செபியுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதில் உண்மையும் உண்டு. ஆண்டவர் முகத்தையல்ல, இதயத்தையே பார்க்கிறார் என்று சாமுவேலுக்குச் சொல்லப்பட்டதை நாம் அறிவோம். ஆயினும் உண்மையான ஒரு வார்த்தையைக் கொண்டே துன்பப்படுகிறவரின் வாயை அடைத்துவிடவும் முடியும். எனவே பதில் சொல்லாது, யோசிக்கத் தவணை கேட்டேன். யோசித்ததே இக்கட்டுரை.

தோல் ஏன் தளர்கிறது?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றுவோம். தோல் தொங்குவது, செய்த பெருந்தீனிக்குக் கிடைத்த தண்டனை என்று சிலர் எண்ணுகின்றனர். அந்த ஆசிரியையும் அப்படித்தான் எண்ணியிருந்தார். அது தவறு.

நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு தோலேயாகும். அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். இழுபட்ட பின் மீளச் சுருங்கும் தன்மையைத் தருவது இலாஸ்ரின் என்னும் இன்னொரு புரதம். பல ஆண்டுகளாகத் தோல் விரிந்தே இருக்கும்போது இந்த நார்கள் சிதைகின்றன. இழுபட்டு இழுபட்டு இறுக்கம் போன இரப்பர் நாடாவை எண்ணிப் பாருங்கள். உள்ளேயிருந்த கொழுப்புப் போனபின்னும் தோல் பழைய அளவுக்குத் திரும்பாது. எவ்வளவு நிறை குறைந்தது, எத்தனை ஆண்டு அந்த நிறையைச் சுமந்தார், வயது என்ன, புகைப்பழக்கம் உண்டா, வெயில் எவ்வளவு பட்டது, பெற்றோர் வழி வந்த உடல்வாகு எப்படி என்பவற்றைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

விளம்பரங்கள் காட்டும் களிம்புகள் இவ்வளவு பெரிய தளர்ச்சியை நீக்கமாட்டா. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி தோற்றத்தை ஓரளவு நிரப்பலாம். தோலை வெட்டிக் குறைக்காது. மடிப்புகளுக்குள் வியர்வை தங்கினால் எரிவும் பூஞ்சணமும் புண்ணும் உண்டாகும். நீரிழிவுள்ளோருக்கு அது பாரதூரமாகலாம். நாள்தோறும் கழுவி, ஈரமின்றித் துடைத்து, பருத்தி உடுப்பு அணிவது நல்லது. புண் ஆறாவிடில், வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பழையபடி கொழுத்தாலென்ன என்ற எண்ணத்துக்கு மட்டும் உடனேயே பதில் சொன்னேன்: "அந்தத் தோல் நிரம்பியிருந்த காலத்திலைதான் உங்கடை உயிர் வெறுமையாகிக் கொண்டிருந்தது, ரீச்சர்."

வெட்கத்தை ஆண்டவர் எவ்வாறு நடத்தினார்?

நம் முதற் பெற்றோர் தங்கள் நிர்வாணத்தைக் கண்டு வெட்கினர். இலைகளைத் தைத்து உடுத்தினர். அதன்பின் நடந்ததை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தில், அவர்களைத் தோட்டத்திலிருந்து அனுப்புமுன், ஆண்டவர் தாமே தோலாடை செய்து அவர்களுக்கு உடுத்திவிடுகிறார். குற்றத்தைக் குற்றமென்றே சொன்னவர், வெட்கத்தைக் கேலி செய்யவில்லை. "இதற்கெல்லாம் வெட்கப்படலாமா?" என்று அதட்டவுமில்லை. போர்த்தினார்.

உடலை இழித்துப் பேசுவதே பக்தி என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. உடம்பைத் தோற்பை என்றும் ஓட்டைப் பாண்டம் என்றும் பழிக்கும் பாடல்கள் தமிழில் நிரம்ப உள்ளன. ஆனால் அதே தமிழில் திருமூலர், உடம்பை இழிவென்று முன்பு எண்ணியிருந்து, அதனுள்ளே பரம்பொருளைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகக் கூறுகிறார். புனித சின்னப்பரோ கொரிந்தியருக்கு, உங்கள் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று எழுதினார். தோல் இறுக்கமாயிருந்தால் ஆலயம், தளர்ந்தால் பாழடைந்த வீடு என்று அவர் பிரிக்கவில்லை. எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளின் காட்சியில், நரம்பும் தசையும் வந்தபின் தோலும் மூடப்படுகிறது. அதன் பின்னரே உயிர்மூச்சு வருகிறது. இறைவன் உயிர் கொடுக்கும் வேலையில் தோலுக்கும் ஓர் இடம் உண்டு.

ஆகவே அந்த ஆசிரியையின் கவலையை வீண்பெருமை என்று நான் சொல்லமாட்டேன். தன் உடலில் அமைதியோடு குடியிருக்க விரும்புவது பாவமல்ல. அந்த அமைதியை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும்.

சத்திரசிகிச்சை செய்யலாமா?

'பிளாஸ்ரிக்' சத்திரசிகிச்சை என்றதும் கடையில் வாங்கும் வாளியும் கதிரையும் நினைவுக்கு வரும். உண்மையில் அச்சொல், வனைதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், ஆண்டவர் மண்ணால் மனிதனை உருவாக்கினார் என்னும் இடத்தில் வருவதும் அதே வேர்ச்சொல்தான். முதற் குயவர் அவரே. மனிதக் கை அவருடைய வேலையைச் சீர்செய்ய முனைவது தன்னிலே தவறாகாது.

இதுபற்றித் திருச்சபை பேசாமலும் இல்லை. 1958-ம் ஆண்டு ஒக்ரோபர் 4-ம் திகதி, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். ஐந்து நாட்களின் பின் அவர் இறைபதமடைந்தார். உடலழகு ஒரு நன்மையே, ஆனால் அதனிலும் உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது என்பது அவர் போதனை. பிறரை மயக்கிப் பாவத்தில் விழுத்தவோ, குற்றவாளி நீதிக்குத் தப்பவோ, வெறும் ஆடம்பரத்துக்கோ இதைச் செய்வது தகாது; உறுப்புகளின் இயல்பான செயலைக் கெடுப்பதும் தகாது. ஆனால் உடற்குறை ஒன்று மனத்தை வாட்டி, குடும்ப, சமூக வாழ்வைத் தடுக்குமானால், சத்திரசிகிச்சை நியாயமாகலாம். சில வேளை விரும்பத்தக்கதாகவும் ஆகலாம் என்றார்.

அப்படியானால் "செய்யலாம்" என்பதோடு முடிந்ததா? இல்லை. ஆசிரியையிடம் மூன்று கேள்விகளை வைத்தேன்.

முதலாவது, ஆபத்தை அறிந்திருக்கிறீர்களா? தொங்கும் தோலை வெட்டியகற்றுவது பெரிய சத்திரசிகிச்சை. கிருமித் தொற்று, இரத்தக்கட்டி, காயம் ஆறத் தாமதித்தல் ஆகியன நேரலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிடில் ஆபத்து அதிகம். நிறை சில மாதங்கள் ஒரே அளவில் நின்றபின்னரே வைத்தியர்கள் இதற்கு உடன்படுவார்கள். தோல் போனாலும் நீண்ட தழும்பு நிற்கும். ஒரு குறையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கத் தயாரா?

இரண்டாவது, யாருடைய காசு? தம்பி தன் உழைப்பிலிருந்து மனமுவந்து தருவாராயின் அதை அன்பென ஏற்கலாம். அவர் கடன்பட்டு அனுப்புவாராயின், அல்லது இங்கே பிள்ளையின் படிப்புக்கு வைத்ததை எடுப்பதாயின், நீதி வேறு விதமாய்ப் பேசும்.

மூன்றாவது, யாருடைய கண்ணுக்காக? மடிப்பில் புண் வராதிருக்கவும், தயங்காமல் நடக்கவும், கணவரோடும் பிள்ளைகளோடும் இயல்பாய் வாழவும் என்றால், அது ஒரு காரணம். ஊரார் வாயை அடைக்க என்றால், ஊர் வாயை எந்த வைத்தியராலும் தைக்க முடியாது.

இக்கவலை நித்திரையையும் உணவையும் செபத்தையும் கெடுக்கும் அளவுக்கு வளருமானால் மனநல வைத்தியரை நாடுங்கள். அது விசுவாசக் குறைவன்று. பல்வலிக்குப் பல்வைத்தியரிடம் போவதை யாரும் விசுவாசக் குறைவு என்பதில்லையே!

தழும்புகளோடு உயிர்த்தவர்

இனி அவருடைய முதற் கேள்விக்கு வருவோம்: வெட்கமில்லாமல் இருக்கிற காலம் எப்போது வரும்?

புனித அகுஸ்தினார் 413 முதல் 426 வரை எழுதிய 'இறைவனின் நகரம்' என்ற நூல் 22 புத்தகங்களைக் கொண்டது. அதன் கடைசிப் புத்தகத்தில், உயிர்த்தெழும் உடல் எப்படியிருக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறார். தலைமயிர், நகம், உயரம் எல்லாவற்றையும் பற்றி மக்கள் கேட்டிருக்கிறார்கள். கொழுத்தவரும் மெலிந்தவரும், தாங்கள் விரும்பாத தோற்றத்தோடேயே மறுமையிலும் இருக்க நேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை என்று அம்மேதை ஆறுதல் சொல்கிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னும் மக்கள் இதற்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்!

அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். வேதசாட்சிகளின் உடலில் அவர்கள் பட்ட காயங்களின் அடையாளம் நிலைத்திருக்கலாம். அது அவலட்சணமல்ல, மாண்பு. ஆண்டவரே அதற்கு முன்மாதிரி. அருளப்பர் நற்செய்தியின் 20-ம் அதிகாரத்தில், உயிர்த்தவர் தோமையாரிடம் தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். சாவை வென்றவருக்கு அந்தத் தழும்புகளை அழிப்பது அரிய காரியமல்ல, அவர் வைத்துக்கொண்டார்.

தொங்கும் தோலை வேதசாட்சிகளின் காயத்தோடு சமப்படுத்த நான் வரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான். நம்மை மீட்கும் இறைவன், நாம் கடந்து வந்த வழியை அழித்துவிட்டு மீட்பதில்லை. அந்தத் தாயின் தோல், அவர் சுமந்த பாரத்தின் சுவடு. மூன்று பிள்ளைகளைச் சுமந்ததன் சுவடும் அதுவே. அந்தப் பாரத்தை இறக்கி வைத்த இரண்டாண்டுப் பாடுபடலின் சுவடும் அதுவே. தோற்றவர் உடலில் அது இருப்பதில்லை.

அப்படியானால் சிகிச்சை வேண்டாமோ? அப்படியுமில்லை. செபக்கூடத்தில் சூம்பிய கையை நீட்டச் சொல்லிக் குணமாக்கியவரும் அவரே; தம் கையின் தழும்பை வைத்துக்கொண்டவரும் அவரே. சீர்செய்வதும் தாங்கிக்கொள்வதும் இரண்டுமே அவர் காட்டிய வழிகள். எதைத் தெரிந்தாலும், "என் தோல் இறுகிய பிறகுதான் நான் மனிசி" என்று வாழ்வை ஒத்திவைக்கத் தேவையில்லை. வெட்கம் நீங்கும் காலம் கத்தியோடு வருவதில்லை. நாம் இப்போதே நேசிக்கப்படுகிறோம் என்று நம்பும்போது வரத் தொடங்குகிறது.

நம் நாவுக்கும் ஒரு சொல்

இதுவரை எழுதியது துன்பப்படுவோருக்கு. இனி எழுதுவது மற்ற எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து.

ஒருவரைக் கண்டதும் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "என்ன, நல்லாய்க் கொழுத்திட்டீர்!" அல்லது, "என்ன, வாடிப் போனீர், ஏதும் வருத்தமோ?" கோவில் வாசலில், கலியாண வீட்டில், செத்த வீட்டிலுங்கூட இதே கேள்வி. அக்கறையென்று நினைத்துக் கேட்கிறோம். கேட்டவர் வீடு போய்க் கண்ணாடி முன் நின்று அழுவது நமக்குத் தெரியாது. அந்த ஆசிரியை கலியாண வீடுகளைத் தவிர்ப்பது தோலுக்குப் பயந்தல்ல, நம் நாவுக்குப் பயந்தே.

நோவே தன் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடந்தபோது, ஒரு மகன் அதைக் கண்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவரும் துணியைத் தோளிற் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னோக்கி நடந்து வந்து தந்தையைப் போர்த்தினர். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் வாயைத் திறந்தான், இருவர் துணியை விரித்தனர். நம் குடும்பங்களில் நாம் யாராக இருக்கிறோம்?

கணவன்மாரே, உங்கள் மனைவி விளக்கை அணைத்துவிட்டு உடுப்பு மாற்றுகிறாரா? ஏனென்று ஒருமுறை அன்போடு கேளுங்கள். பிள்ளைகளே, தாயின் வயிற்று மடிப்பைப் பகிடி பண்ணாதிருங்கள். நீங்கள் குடியிருந்த வீடு அது.

அந்த ஆசிரியை இன்னும் முடிவெடுக்கவில்லை. வைத்தியரிடம் ஆலோசனை கேட்கப் போவதாகச் சொன்னார். எந்த முடிவானாலும் அவர் மனச்சாட்சி எடுக்கட்டும். நாம் செபத்தில் நினைப்போம். ஆனால் விடியற்கால நடையை அவர் விடவில்லை. ஐந்து மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது அவர் வீதியில் போவது அறைவீட்டிலிருந்து தெரியும். முன்பு தலையைக் குனிந்தபடி விரைந்து கடந்துவிடுவார். இப்போது மாதா சுருவத்தருகே நின்று, நிமிர்ந்து பார்த்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போகிறார்.