ஓரறிவுயிரும் வெளிமானும்

கோடியக்கரைக் காட்டைக் கண்டு திரும்பிய இளைஞர் ஒருவர் என்னிடம் வினவினார்: "மானைக் காப்பதற்காக மரங்களைப் பிடுங்க வேண்டும் என்கின்றனரே, அதுவும் கொலையன்றோ, ஐயா? ஓரறிவுயிர் உயிரில்லையா?" எளிதில் தள்ளிவிடத்தக்க வினா அன்று.

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள அக்காடு 1967-இல் சரணாலயமாக்கப்பட்டது. பாலை மரங்கள் மிகுந்த பசுமைமாறாக் காடும், புல்வெளியும், உவர்ச் சதுப்பும் அங்கு ஒருங்கே அமைந்துள்ளன. வெளிமான் பெயருக்கேற்பத் திறந்த வெளியில் வாழ்வது. பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடுவதே அதற்குக் காப்பு. அமெரிக்க நிலங்களிலிருந்து வந்த சீமைக் கருவேலம் அவ்வெளியில் முட்புதராய் அடர்ந்தால், மேய்ச்சலும் இல்லை, ஓட வழியும் இல்லை. இதில் ஒரு விந்தை உண்டு. அம்மரத்தின் இனிய நெற்றுகளை மான்களும் அங்குத் திரியும் மட்டக்குதிரைகளும் தின்கின்றன. விதைகள் புழுக்கையோடும் இலத்தியோடும் விழுந்து முளைக்கின்றன. தன் வாழ்விடத்தைக் கெடுக்கும் மரத்தை மானே விதைக்கின்றது! மான் அறியாது, மரமும் அறியாது. கொணர்ந்த மனிதனே அறிந்திருக்க வேண்டியவன்.

துறவியரின் மகாவிரதத்தில் புல்லைக் கிள்ளுதலும் விலக்கு. இல்லறத்தார்க்கு உரியது அணுவிரதம். இயங்குயிர்களைக் கருதிக் கொல்லாமை அதன் முதற்கடன், நிலையுயிர்களையும் வீணே வருத்தலாகாது. எனினும் "மரத்திற்கு அறிவு ஒன்று, மானுக்கு ஐந்து, ஆகவே வெட்டுக" என்று கணக்கு முடிக்க என் மனம் இசையவில்லை. அறிவின் எண்ணிக்கை துன்பத்தின் அளவைக் காட்டலாம். அழிக்கும் உரிமையை நமக்கு வழங்கிவிடாது. நம் ஆசிரியர்கள் இம்சையின் வேரைப் பிரமாதத்தில், அதாவது விழிப்பின்மையில், கண்டனர். முன்பு விழிப்பின்றிச் செய்ததன் விளைவு இன்று நம் முன் நிற்கின்றது. கைகட்டி நிற்பதும் விழிப்பின்மையே.

ஆதலின் பிடுங்கலாம் என்பதே என் துணிபு. ஆனால் எந்திரத்தால் நிலத்தைப் புரட்டினால் மண்வாழ் சிற்றுயிர்கள் மடியும். இளங்கன்றாக இருக்கையிலேயே கையால் களைதல் நன்று. வளர்ந்த புதராயின், கூடும் குஞ்சும் உண்டா என்று பார்த்த பின்னரே அரிவாள் எழ வேண்டும். செய்து முடித்தபின் புண்ணியம் ஈட்டியதாக மகிழலாகாது. அன்றைய பிரதிக்கிரமணத்தில் அம்மரங்களையும் நினைக்க வேண்டும்.

இளைஞர் விடவில்லை. "அப்படியாயின், மானின் புல்லுக்குப் போட்டியிடும் அந்தக் குதிரைகளை என்செய்வது?" என்றார். அவையும் மனிதர் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் வழிவந்தவையே; மானைப்போல் ஐயறிவும் உடையவை. கொல்லலாகாது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. பிடித்து வேறிடம் கொண்டு செல்லலாம் என்றார் அவர். பிறந்த காட்டிலிருந்து பெயர்ப்பது அவற்றிற்குத் துன்பமில்லையா என்றேன் நான். அதில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.